மே மாத லீவில் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் பார்த்த படங்கள்

தமாமில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஊர்த் தியேட்டர் என்றால் தனி ஆசை. சவூதியில் பல வருஷத் தடைக்குப் பிறகு முதல் தியேட்டர் திறந்ததே 2018 ஏப்ரலில்தான். அதற்கு முன்பு பெரிய திரையில் படம் பார்க்க வேண்டுமென்றால் விடுமுறை நாளில் கடல் பாலம் தாண்டி பஹ்ரைன் போக வேண்டும். இப்போது தமாமிலேயே தமிழும் மலையாளமும் ஓடுகின்றன. ஆனால் அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது ஊருக்கு வந்தால்தான் நடக்கும்.

2025 மே மாதம் வந்தபோது பிள்ளைகளுக்கும் பள்ளி லீவு. ஏப்ரல் 25-இல் வந்த மலையாளப் படம் ‘துடரும்’ மார்த்தாண்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மே 1-இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ நாகர்கோவிலில். இரண்டுக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாவுக்கு முட்டுவலி. தியேட்டர் பக்கமே போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

மார்த்தாண்டத்தில் மலையாளப் படம் மலையாளமாகவே ஓடும், கூட்டமும் நிறைய வரும். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்களுக்கு மலையாளம் காதுக்குப் பழகிப்போன மொழி. அம்மா பிறந்த வீடு அந்தப் பக்கம்தான். எனவே அம்மாவுக்கு ஒரு வசனமும் தப்பவில்லை. திருநெல்வேலிக்காரியான என் மனைவிக்குத்தான் மகள் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

படத்தில் மோகன்லால் ரான்னியில் டாக்சி ஓட்டுகிறவர். பெயர் சண்முகம். ஒரு காலத்தில் சென்னையில் சினிமா சண்டைக்காரராக இருந்தவர், அவருடைய குருவாக நம் பாரதிராஜா வருகிறார். சண்முகத்துக்கு வீடு, மனைவி, பிள்ளைகள், அதற்கப்புறம் ஒரு கறுப்பு அம்பாசிடர். அந்தக் கார் போலீஸ் கைக்குப் போகிறது. அதைத் திரும்ப வாங்கப் போகிற மனுஷனின் வாழ்க்கையே புரண்டுவிடுகிறது. எனக்குப் பிடித்தது முதல் பாதிதான். மோகன்லாலும் ஷோபனாவும் பல வருஷம் சேர்ந்து குடித்தனம் பண்ணின தம்பதி மாதிரியே பேசிக்கொள்கிறார்கள். அதில் நடிப்பே தெரியவில்லை. இரண்டாம் பாதியில் சண்டை நீண்டுவிட்டது, பாதியாக்கியிருக்கலாம். ஆனால் போலீஸ் அதிகாரியாக வரும் பிரகாஷ் வர்மா, விளம்பரப் படங்கள் எடுக்கிறவராம், சிரித்துக்கொண்டே மிரட்டுகிற விதத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படம் நன்றாக இருந்தது, உள்ளே போவதுதான் பாடாகிவிட்டது. ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது வரிசையும் எண்ணும் காட்டினார்களே தவிர, அந்த வரிசை மாடியில் இருக்கிறது என்று எங்கும் போடவில்லை. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் ஒரு பக்கம் கைப்பிடி பாதியிலேயே நின்றுவிட்டது. அரங்குக்குள்ளும் ஒவ்வொரு வரிசைக்கும் உயரமான படி, ஓரத்தில் விளக்கு இல்லை. டார்ச் வைத்திருந்த பையன் ஓடி வந்து, “அம்மாச்சி, அவசரப்படாதீங்க, படம் போட இன்னும் நேரம் கெடக்கு” என்று ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டான். இடைவேளையில் தானாகவே வந்து, கீழே கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்றும் கேட்டான். அவன் நல்ல மனசுக்காரன். அவன் அன்றைக்கு வேலைக்கு வராமல் இருந்திருந்தால் அம்மா பாதிப் படியிலேயே திரும்பியிருப்பார்.

நாகர்கோவில் அனுபவம் வேறு. நாங்கள் போன அரங்கில் தரைத்தளத்திலேயே நுழைவு. கவுண்டரில் அம்மாவைப் பார்த்துவிட்டு, கதவோரமாக இருக்கிற சீட்டை அவர்களே மாற்றித் தந்தார்கள். திரை பளிச்சென்று இருந்தது. தமாமில் உள்ள நல்ல அரங்குகளுக்கு ஒலி கொஞ்சமும் குறைவில்லை, வசனம் தெளிவாகக் கேட்டது. கழிப்பறையும் சுத்தம். பாப்கார்ன் விலைதான் அதிகம். நாங்கள் வெளியே வந்த பிறகு டீயும் பழபஜ்ஜியும் சாப்பிட்டுக்கொண்டோம்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ என்னை ரொம்பவே அசைத்துவிட்டது. இலங்கையில் வாழ வழியில்லாமல் படகேறி வருகிற ஒரு குடும்பம், சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறது. சசிகுமாரும் சிம்ரனும் அப்பா அம்மா. வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்பதால் பேச்சை அடக்கி வாழ வேண்டியிருக்கிறது. முதல் படம் எடுக்கிற இளைஞர் அபிஷன் ஜீவிந்த் இதை அழுகையாக எடுக்காமல் சிரிக்கச் சிரிக்க எடுத்திருக்கிறார். சென்னையில் படித்த காலத்தில் நான் இரண்டு வார்த்தை பேசியதுமே “நீங்க மலையாளியா?” என்று கேட்பார்கள். அதனால் கடையில்கூட யோசித்து யோசித்துப் பேசியிருக்கிறேன். எனக்கு அது கூச்சம் மட்டும்தான். அந்தக் குடும்பத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. சசிகுமார் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒரு குறை சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தாரின் நல்ல மனசு எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவதாகப் படம் நம்புகிறது. நம் மாவட்டத்திலேயே பழவிளை, ஞாறான்விளை, பெருமாள்புரத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமைக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அக்கம்பக்கத்தார் இல்லாமலா போனார்கள்? சட்டம் என்ற ஒன்றைப் படம் இன்னும் கொஞ்சம் நேருக்கு நேர் பார்த்திருக்கலாம். இதைச் சொன்னாலும், மறுபடி போடுகிறார்கள் என்றால் மறுபடி போவேன். வெளியே வந்ததும் அம்மா கேட்டது இதுதான்: “மக்ளே, அந்தப் பிள்ளையள இனி திருப்பி அனுப்பமாட்டாங்கல்லா?”

அம்மா மாதிரி ஆட்கள் இங்கே எத்தனை பேர்! பிள்ளைகள் வளைகுடாவிலோ வேறெங்கோ இருக்க, வீட்டில் டிவியோடு இருக்கிற பெரியவர்கள். அவர்களுக்கு ஒரு நாள் தியேட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. பொதுமக்கள் வந்துபோகிற கட்டிடம் தனியாருடையதாக இருந்தாலும், எல்லாரும் உள்ளே போய்வர வழி வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். காது கேளாதவர்களும் பார்வை இல்லாதவர்களும் படம் பார்க்க என்ன செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அவ்வளவு தூரம் போக நாளாகட்டும். முழு நீளத்துக்கு ஒரு கைப்பிடி, படி ஓரத்தில் சின்ன விளக்கு, டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் ‘மாடி’ என்று ஒரு வார்த்தை, இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மார்த்தாண்டத்தில் பொறுப்பில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, முதலாளியிடம் சொல்வதாகச் சொன்னார்.

லீவுக்கு வந்து அப்பா அம்மாவைப் படத்துக்குக் கூட்டிப்போக நினைக்கிறவர்களுக்கு: முதலில் தியேட்டருக்குப் போன் போட்டு, தரைத்தளத்தில் சீட் உண்டா, வண்டி வாசல்வரை வருமா, கழிப்பறை எந்த மாடியில் என்று கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் வருவதைச் சொன்னால் கவுண்டரில் பெரும்பாலும் பார்த்துத் தருகிறார்கள். காலைக் காட்சி நல்லது, கூட்டம் குறைவு, திரும்ப பஸ்ஸும் கிடைக்கும். இரவுக் காட்சிக்குப் போனால் ஆட்டோவை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அரங்குக்குள் ஏசி குளிர் அதிகம், ஒரு சால்வை எடுத்துப் போங்கள்.