வயர்கார்ட்: சொந்த விபிஎன் வேண்டுபவர்களுக்கு என் தேர்வு

விபிஎன் என்பது நம் கருவிகளை இணையத்தின் வழியே ரகசியமாக இணைக்கும் ஏற்பாடு. அதற்கான பழைய மென்பொருளான ஓப்பன்விபிஎன்னோடு மூன்று வருடம் மல்லுக்கட்டிவிட்டு, போன மாதம்தான் மாதவாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) ஏற்றி, வயர்கார்ட் என்ற புதிய விபிஎன் மென்பொருளுக்கு மாறினேன். இவ்வளவு நாள் ஏன் மாறவில்லை என்று வருத்தமாக இருக்கிறது.

2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பிலிருந்து இது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சான்றிதழ் தொல்லை கிடையாது, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஜோடி சாவி, அவ்வளவுதான். மொத்த கான்ஃபிக் ஃபைலும் பத்துப் பதினைந்து வரிக்குள் அடங்கிவிடுகிறது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போன் இணைந்துவிடும்.

நான் மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்: ஹேண்ட்ஷேக் (போனும் சர்வரும் சாவியைச் சரிபார்த்து அறிமுகமாவது) நடக்கிறது, ஆனால் போனில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான், சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (வரும் டேட்டாவை அடுத்த இடத்துக்குக் கடத்திவிடும் வசதி) 0 என்றே, அதாவது அணைந்தே, இருந்ததைப் பார்த்தேன். அதை 1 ஆக்கி, நாட் விதியையும் (போனின் டேட்டாவை சர்வரின் முகவரியில் வெளியே அனுப்புவது) சேர்த்ததும் உடனே ஓடியது. ஃபயர்வாலில், வயர்கார்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் யுடிபி (டேட்டா அனுப்பும் ஒரு முறை) 51820 போர்ட்டைத் திறக்கவும் மறக்காதீர்கள். அப்புறம், வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியை வெளியிலிருந்து தொட வேண்டுமென்றால் அந்தக் கணினியின் கான்ஃபிக்கில் கீப்அலைவ் 25 (25 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்ன சிக்னல்) என்று போடுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போது இணைப்பு செத்துவிடும்.

குறை? யுடிபியில் மட்டுமே ஓடும். நான் தங்கிய ஒரு விடுதியின் வைஃபையில் யுடிபியை அடைத்து வைத்திருந்தார்கள், அங்கே இது எடுபடவே இல்லை. அதற்காகவே ஓப்பன்விபிஎன்னை டிசிபி 443-இல் (சாதாரண இணையதளங்கள் ஓடும் வழி) இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.