ஊர் வங்கி மூடப்பட்டால் பணம் போட்டவருக்கு என்ன நேரும்: ஓர் எச்சரிக்கை

தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள், ஊர்ப் பெரியவர்கள் இயக்குநர்களாக இருக்கிறார்கள், மற்ற இடங்களைவிட வட்டி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது என்ற காரணங்களுக்காகச் சேமிப்பு முழுவதையும் ஒரே சிறிய நிறுவனத்தில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதே காரணங்களுக்காகத்தான் என் தாத்தாவும் தம் பணத்தை ஒரு வங்கியில் போட்டார். அந்த வங்கி 1950களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் வாழ்கிறார்கள், அவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்தவர்கள் அல்லர்.

தாத்தா பழைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், ஒரு சந்தை ஊரில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தவர். என் அத்தையின் திருமணத்துக்கென்று சேர்த்த பணம் நிரந்தர வைப்பாக அந்த வங்கியில் இருந்தது. வைப்பு முதிர்ந்தபோது மேலாளர் கடைக்கே வந்து, "அண்ணாச்சி, இப்ப எடுக்கண்டாம், இன்னும் ஒரு வருசத்துக்குப் புதுப்பிச்சிருங்க" என்று கேட்டுக்கொண்டாராம். அதற்கு முன்பே, வைப்பு வைத்திருந்த பலரையும் போல அவரையும் வங்கியின் சில பங்குகளை வாங்க வைத்திருந்தார்கள். பங்கு வைத்திருந்தால் வங்கியில் மரியாதை கூடும் என்பதே அவர்கள் சொன்ன நயம். புதுப்பித்துச் சில வாரங்களில் கதவில் நீதிமன்ற அறிவிப்பு ஒட்டப்பட்டது. இயக்குநர்களின் நெருங்கிய உறவினர் சிலர் அதற்கு முன்பே தங்கள் கணக்குகளை முடித்துக்கொண்டு போயிருந்தார்கள் என்பது பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. நிலைமை தெரிந்திருந்தும் புதுப்பிக்கச் சொல்லி ஒருவர் வாசலேறி வந்ததை எந்தச் சூழ்நிலையின் பெயராலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

வங்கி கலைக்கப்படும்போது என்ன நடக்கும் என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. நீதிமன்றம் நியமிக்கும் லிக்விடேட்டர், அதாவது கலைப்பு அதிகாரி, வங்கியின் பேரேடுகளையும் சாவிகளையும் எடுத்துக்கொள்கிறார். அந்த உத்தரவு நாளோடு தாத்தாவின் வைப்புக்கு வட்டி நின்றது. அன்றைய சட்டப்படி, சேமிப்புக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு 250 ரூபாய் வரையிலும், அதற்கு அடுத்தபடியாக மற்ற வைப்புதாரர்களுக்கு 250 ரூபாய் வரையிலும் முன்னுரிமையாகத் தரப்பட்டது. அதற்கு மேற்பட்ட பணத்துக்கு வைப்புதாரர், அடமானம் எதுவும் பெறாமல் வங்கிக்குக் கடன் கொடுத்தவர்களுள் ஒருவர் மட்டுமே. வங்கி கொடுத்த கடன்கள் வழக்குப் போட்டு வசூலாக வசூலாக, ரூபாய்க்கு இத்தனை அணா, இத்தனை பைசா என்று தவணையாக வரும். வைப்புதாரர் தனியாகக் கோரிக்கை தாக்கல் செய்ய வேண்டியதில்லை, வங்கியின் ஏடுகளில் அவர் பெயரில் உள்ள தொகையே அவருடைய கோரிக்கையாகக் கருதப்படும் என்று சட்டம் ஒரு வசதி செய்திருந்தது. ஆனால் தாத்தாவின் கையிலிருந்த ரசீதில் அசலோடு சேர்த்துக் காட்டப்பட்டிருந்த வட்டி ஏட்டில் பதியப்படவே இல்லை. அதை நிரூபிக்க அவர் நெடுநாள் அலைய வேண்டியிருந்தது.

பங்குகளால் வந்த துன்பம் அதைவிடப் பெரியது. அக்காலத்தில் ஒரு வங்கி விற்ற பங்குகளின் மதிப்பில் பாதியைத்தான் வசூலித்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனை. மீதிப் பாதியைத் தேவைப்படும்போது கேட்டுப் பெறலாம். கலைப்பு வந்ததும் லிக்விடேட்டர் அந்த மீதியைக் கேட்டுப் பங்குதாரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார். வங்கி எனக்குத் தரவேண்டிய வைப்பிலிருந்து இதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று தாத்தா எழுதிக் கேட்டார். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. வங்கிக்குக் கடன் கொடுத்தவர்கள் அனைவருக்கும் முழுமையாகக் கொடுத்து முடிக்கும்வரை பங்குதாரர் தம் பங்கு பாக்கியை வைப்போடு நேர்செய்துகொள்ள முடியாது. பணத்தைப் பறிகொடுத்தவர், பறிகொடுத்த இடத்துக்கே மேலும் பணம் கட்டினார். அத்தையின் திருமணம் அதன் பிறகு ஒரு தென்னந்தோப்பை விற்றுத்தான் நடந்தது.

இது ஏதோ ஒரு சிற்றூரின் தனிக் கதை என்று எண்ணிவிடக் கூடாது. கோட்டயம் அருகே பாலாவில் 1927இல் தொடங்கப்பட்ட பாலை சென்ட்ரல் வங்கி, சிறிய ஊரில் பிறந்து கேரளத்தின் மிகப் பெரிய வங்கியாக வளர்ந்தது. ரிசர்வ் வங்கியின் பட்டியலில் இடம்பெற்ற நாட்டின் 94 வங்கிகளில் அது 17ஆம் இடத்தில் இருந்தது. 1960 ஆகஸ்ட் 8 அன்று ரிசர்வ் வங்கி அதைக் கலைக்கக் கோரிக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அது தொடர்ந்து இயங்குவது வைப்புதாரர்களின் நலனுக்குக் கேடு என்பதே சொல்லப்பட்ட காரணம். ரிசர்வ் வங்கிக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் பின்னர் 1962இல் உறுதி செய்தது. அந்த வங்கியைக் காப்பாற்றியிருக்கலாமா என்ற வாதம் கேரளத்தில் பல ஆண்டுகள் நடந்தது, அதற்குள் நான் போகவில்லை. என்னை உறுத்துவது வேறு. 1950களின் தொடக்கத்திலிருந்தே ஆய்வாளர்கள் அதன் கணக்குகளில் குறை கண்டிருந்தார்கள். அந்த ஆய்வறிக்கைகள் வங்கிக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இடையிலேயே இருந்தன. பணம் போட்டவர் கடைசி ஆளாகத்தான் அறிந்துகொண்டார்.

அதே ஆண்டில் லட்சுமி வங்கியும் வீழ்ந்தது. இவ்விரண்டின் அதிர்ச்சியால்தான் வங்கி வீழ்ந்தால் வைப்புதாரருக்கு ஒரு வரம்பு வரை பணம் தரும் வைப்புக் காப்பீடு என்ற ஒன்று நமக்குக் கிடைத்தது. 1962 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் உச்சவரம்பு 1,500 ரூபாய். 1993இல் அது 1 லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் 5 லட்சமாகவும் உயர்ந்தது. பணம் எடுக்க முடியாதபடி முடக்கப்பட்ட வங்கியின் வைப்புதாரருக்கு இந்தத் தொகை 90 நாட்களுக்குள் கிடைக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. காலம் மாறிவிட்டது என்று சொல்பவர்கள், 2019 செப்டம்பரில் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டபோது முதலில் ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய் மட்டுமே எடுக்க அனுமதித்தார்கள் என்பதையும், அதற்குப் பின் வந்த இணைப்புத் திட்டத்தில் பெரிய தொகை வைத்திருந்தவர்கள் முழுப் பணத்தையும் பெற 10 ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே இந்த வாரமே சிலவற்றைச் சரிபாருங்கள். அந்த 5 லட்சம் அசலும் வட்டியும் சேர்த்துத்தான். ஒரே வங்கியின் பல கிளைகளில் உங்கள் பெயரில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒன்றாகவே கூட்டப்படும். வணிக வங்கிகளும் பெரும்பாலான கூட்டுறவு வங்கிகளும் இந்தக் காப்பீட்டில் அடங்கும். கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும், நிதி நிறுவனங்களும், பெயரில் நிதி என்று வைத்துக்கொண்டு வைப்பு வாங்கும் கம்பெனிகளும் அடங்கா, அவற்றின் வாசலில் எவ்வளவு பெரிய பலகை தொங்கினாலும் சரி. கூட்டுறவு வங்கியில் உறுப்பினராகச் சேரும்போதோ கடன் வாங்கும்போதோ பங்காகப் பிடிக்கப்படும் தொகை வைப்பு அன்று, அதற்கு எந்தக் காப்பீடும் கிடையாது. வைப்பு முதிரும் நேரத்தில் புதுப்பிக்கச் சொல்லி யாரேனும் வற்புறுத்தினால் பணத்தை எடுத்துவிட்டுப் பிறகு யோசியுங்கள். காப்பீட்டுத் தொகையும் வங்கி ஏடுகளைக் கொண்டு தயாராகும் பட்டியலின்படியே வழங்கப்படுகிறது. அதனால் பாஸ்புக்கில் கடைசி வரவு வரை பதியச் செய்து, வட்டி சேர்ந்த வைப்பு ரசீதின் நகலை வீட்டில் வைத்து, உங்கள் பெயரும் நியமனதாரர் (நாமினி) பெயரும் வங்கியின் கணக்கில் பிழையில்லாமல் இருப்பதை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.