பூட்டை மாற்றுவதா, பாதையை மாற்றுவதா?

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த விடையை மட்டும் நீட்டி, அந்த இரண்டும் எவை என்று கேட்டால் கணினியும் திணறும். இணையத்தில் ரகசியங்களைப் பூட்டிவைக்க 1977இல் பிறந்த ஆர்.எஸ்.ஏ. குறியாக்கம் இந்தத் திணறலை நம்பித்தான் நிற்கிறது. இன்று பரவலாகப் புழங்கும் 2048 பிட் எண்ணை எழுதிப் பார்த்தால் 617 இலக்கம் வரும். தகுந்த குவாண்டம் கணினி ஒன்று கிடைத்தால் அதையும் விரைவாகப் பிரித்துவிடலாம் என்று 1994இல் பெல் ஆய்வகத்தின் பீட்டர் ஷோர் காட்டினார். "எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும் இயந்திரம்" என்று இதை விளக்குவது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, சரியில்லை. அளந்து பார்க்கும்போது கைக்கு வருவது ஒரே ஒரு விடைதான். அலைகள் மோதி அடங்குவதுபோல் வேண்டாத விடைகள் அடங்கி, எண்ணுக்குள் ஒளிந்திருந்து அந்தப் பகா எண்களைக் காட்டிக்கொடுக்கும் சுழற்சி மேலே வரும்படி செய்ததுதான் ஷோரின் சாமர்த்தியம்.

2001இல் ஐ.பி.எம். ஏழு கியூபிட்டுகளை, அதாவது குவாண்டம் கணினியின் பிட்டுகளை, வைத்து 15ஐ மூன்றாகவும் ஐந்தாகவும் பிரித்தது. சிரிப்பு வருகிறதா? 617 இலக்க எண்ணுக்கு 2 கோடி கியூபிட் வேண்டும் என்றது 2019ஆம் ஆண்டுக் கணக்கு. 10 லட்சத்துக்கும் குறைவே போதும் என்றது 2025இல் கூகுள் ஆய்வாளர் ஒருவர் போட்ட கணக்கு. அப்படியோர் இயந்திரம் இன்னும் இல்லை. ஆனால் இன்றைய தரவைப் பிடித்துச் சேமித்துவைத்து, இயந்திரம் வந்த பிறகு திறந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

ஆபத்து எல்லாப் பூட்டுக்கும் ஒரேபோல் இல்லை. கோப்புகளை மூடும் ஏ.இ.எஸ். முறை, 256 பிட் சாவியோடு இருந்தால் தாக்குப்பிடிக்கும். அந்தச் சாவியை முன்பின் அறியாத இருவர் பகிர்ந்துகொள்ளும் முறையும் டிஜிட்டல் கையொப்பமும்தான் உடையும். சாவிப் பகிர்வைக் காப்பாற்றத்தான் இரண்டு வழிகள் போட்டியில் இருக்கின்றன.

முதல் வழி பாதையை மாற்றுகிறது: குவாண்டம் சாவிப் பகிர்வு. சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராசாரும் இதை 1984இல் முன்வைத்தது பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில். சாவியின் ஒவ்வொரு பிட்டும் ஓர் ஒளித்துகளின் அதிர்வுத் திசையில் ஏறிப் போகிறது. வழியில் ஒருவன் எல்லாத் துகள்களையும் பிடித்து, அளந்து, திரும்ப அனுப்பினால், இருபுறமும் ஒப்பிடும் பிட்டுகளில் கால்வாசி பிழையாகிவிடும், திருடன் அகப்பட்டுக்கொள்வான். பாதுகாப்புக்கு இயற்பியலே ஜாமீன். அழகு என்றால் இதுதான் அழகு.

அழகு கண்ணாடியிழைக்குள் இறங்கியதும் தொல்லை தொடங்குகிறது. 100 கிலோமீட்டரில் நூறு துகளுக்கு ஒன்றுதான் கரையேறும். 300 கிலோமீட்டரில் பத்து லட்சத்துக்கு ஒன்று. தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாது என்பதால், ஒளியை வலுவாக்கும் வழக்கமான பெருக்கியை நடுவில் வைக்கவும் வழியில்லை. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளும் பெய்ஜிங்–ஷாங்காய் தடத்தில் 32 நம்பிக்கை நிலையங்கள் அதற்காகவே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சாவி வெளியே வந்து மறுபடி உள்ளே போகிறது. அந்த 32 இடங்களையும் நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், இயற்பியல் கொடுத்த ஜாமீன் எங்கே போயிற்று? போதாததற்கு, மறுமுனையில் இருப்பவர் உண்மையில் அவர்தானா என்று உறுதிசெய்ய, முன்பே பகிர்ந்த ஒரு ரகசியமோ கணிதக் கையொப்பமோ வேண்டும். 2010இல் ஆய்வாளர்கள் சந்தையில் விற்ற கருவிகளில் துகளைப் பிடிக்கும் உணரியைப் பளீரென்ற ஒளியால் குருடாக்கி, சாவியைத் தடயமின்றி எடுக்க முடியும் என்று காட்டினார்கள். கோட்பாடு தோற்கவில்லை, கருவி தோற்றது. சாவியைப் பறிகொடுத்தவருக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன்?

இரண்டாம் வழி பூட்டை மாற்றுகிறது: குவாண்டம் கணினிக்கும் கடினமான புதிய கணிதம். புதிய கம்பி வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம். இருக்கும் செல்பேசியிலேயே புதிய கணக்கு ஓடும். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட், புதிய பூட்டுகளைத் தேர்ந்தெடுக்க 2016இல் அறிவித்த போட்டி, 2024 ஆகஸ்டில் மூன்று தரநிலைகளாக முடிந்தது. அவற்றில் சாவிப் பகிர்வுக்கானது எம்.எல்.கெம். அதன் பலம் எங்கே என்று அறிய, பள்ளியில் போட்ட ஒருங்கமை சமன்பாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விடையிலும் யாரோ வேண்டுமென்றே ஒரு சிட்டிகைப் பிழையைத் தூவியிருக்கிறார்கள். மாறிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால், அதைத் தீர்க்க விரைவான குவாண்டம் வழியும் இதுவரை அகப்படவில்லை.

இதுவரை என்ற சொல்லில்தான் இந்த வழியின் பலவீனம் இருக்கிறது. நிஸ்ட் போட்டியில் நான்காம் சுற்றுவரை வந்த சைக் என்ற முறையை, 2022இல் பெல்ஜிய ஆய்வாளர் இருவர் சாதாரணக் கணினியில் ஒரு மணி நேர அளவில் உடைத்தார்கள். குவாண்டம் கணினியே தேவைப்படவில்லை. எடையும் கூடுகிறது: இன்று 32 பைட்டில் அடங்கும் பொதுச் சாவி (எல்லோருக்கும் வெளிப்படையாகத் தரும் சாவி), எம்.எல்.கெம்மின் நடுத்தர வகையில் 1,184 பைட். இணையத்துக்கு இது தூசு. சின்னஞ்சிறு சில்லுகளுக்குச் சுமை.

என்னைக் கேட்டால் பூட்டை மாற்றச் சொல்வேன். அமெரிக்கா, பிரிட்டன் பாதுகாப்பு அமைப்புகளின் பரிந்துரையும் அதுதான். புதியதை மட்டும் நம்பாமல் பழைய பூட்டையும் சேர்த்துப் போடுவது புத்திசாலித்தனம். சிக்னல் செயலி 2023இலும் ஆப்பிளின் ஐமெசேஜ் 2024இலும் இரட்டைப் பூட்டுக்கு மாறிவிட்டன. ஒன்று உடைந்தாலும் மற்றது காக்கும். ஒளித்துகள் வழிக்கு ஒரே நகரின் இரு தரவு மையங்களை இணைப்பது போன்ற குறுகிய வேலைகள் பொருந்தும். 2023இல் 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற இந்தியாவின் தேசிய குவாண்டம் இயக்கம், 2,000 கிலோமீட்டர் சாவிப் பகிர்வைத் தன் இலக்குகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆராய்ச்சியாக அது நடக்கட்டும். இருபது ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவப் பதிவுகளை வைத்திருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு மென்பொருள் புதுப்பிப்பு.