தாத்தா என்றால் யார்? திறந்த மூல மொழிப் பாடத்தோடு மூன்று ஆண்டுகள்

இலங்கையின் கிழக்கே, களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். எங்களுக்கு அது சிங்களம். வகுப்புக்குப் போனேன், வினாத்தாள் புத்தகங்கள் வாங்கினேன், ஒரு தடவை சறுக்கியும் விழுந்தேன். தொலைபேசியில் படிக்கலாம் என்று தேடியபோது கையில் அகப்பட்டதெல்லாம் ஆங்கிலத்தின் வழியாகச் சிங்களம் சொல்லித்தருபவை. பக்கத்து வளவுக்குப் போக லண்டனைச் சுற்றுவது போல இருந்தது.

2022 இல், பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாகக் கழிந்த நாட்களில், வந்தாறுமூலையில் கணினி படித்துக்கொண்டிருந்த அக்காவின் மகள் லிப்ரெலிங்கோ என்ற திறந்த மூல மொழிப் பாட மென்பொருளைக் காட்டினாள். டியோலிங்கோ என்ற மொழி கற்பிக்கும் செயலியில் வருவது போன்ற பயிற்சிகள்தாம்: படம் பார்த்துச் சொல்லைத் தெரிவுசெய்வது, சொற்களை ஒழுங்குபடுத்துவது, கேட்டு எழுதுவது. மென்பொருள் ஏஜிபிஎல் 3.0 உரிமத்தில் இருக்கிறது. யாரும் எடுத்து மாற்றலாம்; மாற்றியதை இணையத்தில் இயக்கினால் பயன்படுத்துவோருக்கு மூலநிரலைக் கொடுக்க வேண்டும். "மாமா, இதில் சிங்களம் இல்லை. நாங்களே எழுதினால் உண்டு" என்றாள். டியோலிங்கோவிலும் 2013 முதல் தன்னார்வலர்கள் பாடங்களை உருவாக்கினார்கள். 2021 இல் அந்தத் திட்டம் முடிந்தது, பாடங்கள் நிறுவனத்திடம் இருந்தன. மருமகளுக்கு அந்தக் கதை மனப்பாடம்.

பாடம் எழுதுவதற்கு நிரலாக்கம் தெரியத் தேவையில்லை என்பது உண்மை. ஒவ்வொரு பாடமும் ஒரு யாமல் கோப்பு, அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. புதிய சொல், அதன் பொருள், ஏற்கத்தக்க வேறு விடைகள், பிறகு வாக்கியங்கள், அடியில் ஒரு சிறு அகராதி. ஆனால் வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ முழுக் கோப்பும் படுத்துவிடும். முதல் மாதத்தில் நான் கற்றது சிங்களத்தைவிட இடைவெளி எண்ணுவதைத்தான். அலுவலகத்துச் சுற்றறிக்கைகளைத் தட்டச்சுச் செய்த பழக்கம் ஒருவாறு கைகொடுத்தது.

ஐந்து பேர் சேர்ந்தோம். முதல் பாடம் குடும்பம். சிங்களத்தில் 'தாத்தா' என்றால் தந்தை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் பாட்டனார். விடையாக 'அப்பா' என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் காத்தான்குடி முஸ்லிம் நண்பரிடமிருந்து இரண்டு திருத்தங்கள் வந்திருந்தன. ஒன்று, 'வாப்பா' என்பதையும் சரியான விடையாக ஏற்க வேண்டும். மற்றது, அவர்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி; ஆகவே படம் இல்லாமல் அந்தச் சொல்லைக் கேட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள். ஒரே சொல்லுக்கு மூன்று ஆட்கள்! அன்று மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே இரண்டையும் சேர்த்துவிட்டோம். 'வாப்பா' என்று எழுதிய ஒரு பிள்ளைக்குத் திரையில் 'தவறு' என்று வராது. இந்த மூன்று ஆண்டுகளில் எனக்குப் பிடித்த ஒரே காரியத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வேறு எந்தச் செயலியில் யாரிடம் போய் வாப்பாவைச் சேர்க்கச் சொல்வது?

சொல் ஒழுங்கில் எங்களுக்கு வேலை குறைவு. 'மம கெதர யனவா' என்பதை அப்படியே வரிசையாக வைத்தால் 'நான் வீட்டுக்குப் போகிறேன்' வந்துவிடும். ஆனால் பேச்சுச் சிங்கள வினை ஆளுக்கு ஏற்ப மாறாது. நானும் யனவா, நீயும் யனவா, அவரும் யனவா. எழுவாய் இல்லாமல் 'கெதர யனவத?' என்று கேட்டால் தமிழில் போகிறாயா, போகிறீரா, போகிறீர்களா, போகிறாரா எல்லாம் சரி. அதற்குமேல் வீட்டுக்கு, வீட்டிற்கு. கோப்பில் எழுதாத விடை தவறாகிவிடும் என்பதால் ஒரு கேள்விக்கு எட்டு விடைகளை வரிசையாக எழுதினோம். இது சலிப்பான வேலை. இரண்டு பேர் விலகியது இந்தக் கட்டத்தில்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்னும் சரிக்கட்டாத இடமும் இருக்கிறது: தேர்வுத்தாளில் 'மம யனவா' போதாது, 'மம யமி' என்று எழுத்து நடை வேண்டும், எங்கள் பாடங்கள் பேச்சு நடையிலேயே நிற்கின்றன. தேர்வை மட்டும் நினைத்து வருபவருக்கு இதை நான் முழுமனதோடு பரிந்துரைக்க மாட்டேன். நான் இரண்டாம் முறை தேறியதற்கும் பாதிக் காரணம் பழைய வினாத்தாள்கள்தாம். கந்தோருக்கு வரும் சிங்களக் குடும்பத்தோடு தடுமாறாமல் பேச முடிவது மட்டும் இந்தப் பாடங்களால் வந்தது.

அன்றாட மீட்டலுக்கு அங்கி (Anki) என்ற நினைவட்டைச் செயலியை வைத்திருக்கிறேன். 2006 முதல் இருக்கும் திறந்த மூல மென்பொருள். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. பாடக் கோப்பில் இருக்கும் சொற்களையே அட்டைகளாக மாற்றினாள் மருமகள். மறக்கப்போகும் தறுவாயில் சொல்லைத் திரும்பக் காட்டுவதே அதன் வேலை. 2023 இல் வந்த புதிய கணிப்பு முறைக்கு மாறிய பிறகு எனக்கு நாளாந்த அட்டைகள் குறைந்தன. கல்முனை பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. 'மல்லி' மட்டும் எத்தனை தடவை வந்தாலும் தம்பி நினைவுக்கு வருமுன் பூ மணக்கிறது.

ஒலிதான் இன்னும் முள். லிப்ரெலிங்கோவின் ஐரோப்பிய மொழிப் பாடங்களுக்கு அமேசானின் பேச்சொலிச் சேவை குரல் கொடுத்தது. அந்தச் சேவையில் சிங்களம் இல்லை. ஆகவே எங்கள் கந்தோரில் இருந்த சிங்களச் சக ஊழியர் ஒருவர் தொலைபேசியில் பேசித்தந்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் பதிந்தோம். சில பதிவுகளில் மணிக்கூட்டுச் சத்தமும் ஒன்றில் காகமும் உண்டு. காகத்தை எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் விட்டுவைத்திருக்கிறோம்.

சிக்கல் 'கந்த' என்ற சொல்லில் வந்தது. சிங்களத்தில் இரண்டு கந்த. நகர ஒலி அரைகுறையாக உரசிப் போனால் மரத்தின் தண்டு, முழுதாக ஒலித்தால் மலை. எழுத்திலும் வேறு வேறு. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் பதிவை வெட்டி ஒட்டும்போது மலையைத் தண்டாகவும் தண்டை மலையாகவும் மாற்றிப் போட்டுவிட்டேன். ஐந்து மாதம் யாருக்கும் தெரியவில்லை. படித்தவர்களுக்கும் காது என்னுடையதைப் போலத்தானே! கடைசியில் பேசித்தந்தவரே பாடத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அவற்றை இடம் மாற்றிவிட்டேன். இதே அரை ஒலி வரும் வேறு பன்னிரண்டு சொற்களையும் புதிதாகப் பதிய வேண்டும் என்று அவர் சொன்னார். பதியுமுன் அம்பாறைக்கு இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். திருத்தப் பட்டியலில் அந்த வரி என் பெயரில் இருக்கிறது. சனிக்கிழமை கல்முனைக்குப் போய், அங்கிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறை பஸ் எடுக்கிறேன். அவருக்கு ஒரு சட்டித் தயிர் கொண்டுபோக வேண்டும். அவர் வீட்டில் காகம் குறைவாம்.