எழுத்தைக் கொடுத்தால் சொல்லைத் தேடித் தரும் செயலி: நான்கு மாத அனுபவம்

நானும் மகளும் இரவில் ஸ்க்ராபிள் ஆடுவோம்; ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் அது. கியூ, இசட், எக்ஸ் கைக்கு வந்தாலே அவள் முகம் வாடிவிடும். அதற்காகவே இந்தச் செயலியை இறக்கினேன். வேண்டிய எழுத்துகளையும் நீளத்தையும் கொடுத்தால், அவை இடம்பெறும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு அடுக்கித் தருகிறது.

முதல் நாளே கியூவும் எக்ஸும் சேர்ந்த எட்டெழுத்துச் சொல் ஒன்று கேட்டோம். 'குவின்கங்ஸ்' (quincunx) வந்தது. ஐந்து புள்ளிகளில் நான்கு மூலைக்கொன்றாகவும் ஐந்தாவது நடுவிலும் நிற்கும் அமைப்பு என்று பொருள். கூடவே 'பகடையில் ஐந்து விழும் முகம் போல' என்று ஒரு வரி. மகள் எழுந்துபோய்ப் பகடையை எடுத்துவந்து, அந்த முகம் மேலே வரும்படி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சொல்லை அவள் இன்றுவரை மறக்கவில்லை. எழுத்துகளின் மதிப்பு மட்டுமே 26 புள்ளிகள். ஆனால் கையில் இருப்பவை ஏழு கட்டைகள்தானே, எட்டாவது எழுத்து பலகையில் இருந்தாக வேண்டும். இதுவரை வாய்க்கவில்லை.

இசட்டில் தேடினால் திண்டாட்டம். 'ஐசேஷன்' என்று முடியும் சொற்களே பக்கம் பக்கமாக வருகின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தேட வழி வைக்கவில்லை. வெகுதூரம் தள்ளிப் போன பிறகே 'ஸைகோடாக்டில்' போன்ற முத்து கிடைக்கிறது: கிளியின் காலைப்போல் முன்னே இரண்டு விரல், பின்னே இரண்டு விரல்.

'நியூமோனோ' என்று தொடங்கும் 45 எழுத்துச் சொல்லுக்கு நுண்ணிய சிலிக்காத் தூளால் வரும் நுரையீரல் நோய் என்று பொருள் தருகிறது. சரிதான். ஆனால் 1935-ல் நீளத்துக்காகவே புனையப்பட்ட சொல் அது. மருத்துவத்தில் புழங்குவது சிலிகோசிஸ். இதையும் ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

என்னை உண்மையில் வருத்தியது 'ஃபஸீஷியஸ்' (facetious). ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் வரிசை மாறாமல் ஒவ்வொரு முறை மட்டுமே வரும் அழகான சொல். செயலி கொடுத்த பொருள் 'வேடிக்கையான' என்பது மட்டும். அதை நம்பி, மகள் பள்ளிக் கட்டுரையில் தன் தாத்தாவை ஃபஸீஷியஸ் என்று பாராட்டி எழுதிவிட்டாள். தீவிரமாகப் பேச வேண்டிய இடத்தில் பொருந்தாத கேலி பேசுவதைத்தான் அந்தச் சொல் குறிக்கும். ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார். தாத்தா அப்படிப்பட்டவர் இல்லையே என்று அவள் கலங்கிப் போனாள்.

பொருளுக்குப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் இருந்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. செயலியின் கருத்துப் பெட்டியில் இதை எழுதியிருக்கிறேன். அவர்கள் சேர்க்கும்வரை, பெரிய அகராதி ஒன்றையும் அருகில் விரித்து வைத்துக்கொண்டுதான் தேடுகிறோம்.