சிடேப்பா, கிட்டா? டெல்டா ஆய்வகத்தில் நெல் டிஎன்ஏ எடுத்த அனுபவம்

நெல் இலையிலிருந்து டிஎன்ஏ பிரிக்க எங்கள் ஆய்வகத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, 1980-களிலிருந்து உலகம் முழுக்கச் செய்துவரும் சிடேப் (CTAB) முறை; சிடேப் என்பது செல்லை உடைக்கும் சோப்பு மாதிரியான வேதிப்பொருள். இன்னொன்று, டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் சிலிக்கா மெம்பிரேன் (மெல்லிய சவ்வு) வைத்த குட்டிக் குழாய்களோடு டப்பாவில் வரும் கிட். பிஹெச்டி சேர்ந்ததிலிருந்து இப்போது ப்ராஜெக்ட் வேலை வரைக்கும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக வரும் ஜூனியர்கள் முதலில் கேட்பது, "அக்கா, எது நல்லது?" என்பதைத்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஆய்வகம், வேலை நெல்லில் என்றால் சிடேப்தான் என்பேன். சில இடங்களில் மட்டும் கிட்.

எங்கள் வேலை பெரும்பாலும் மார்க்கர் சோதனை, அதாவது வேண்டிய மரபணுப் பகுதி ஒரு ரகத்தில் இருக்கிறதா என்று டிஎன்ஏ அடையாளத்தை வைத்துப் பார்ப்பது. வடகிழக்குப் பருவமழையில் சம்பா வயல் முழுகினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்க வைக்கும் சப்1 என்ற பகுதி ஒரு ரகத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்லிலிருந்து வந்த அந்தப் பகுதியில் உள்ள சப்1ஏ மரபணுதான் காரணம் என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். அது 9-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. நம் ஊர் சிஆர்1009 நெல் ரகத்திலும் அதை ஏற்றிவிட்டார்கள். கடலோர உப்பு நிலத்துக்கு, கேரளத்துப் பொக்காளி நெல் வழி வந்த, உப்பைத் தாங்க வைக்கும் சால்டால் பகுதியை 1-ஆவது குரோமோசோமில் தேடுவோம். குழியடிச்சான் மாதிரி உப்பைத் தாங்கும் நாட்டு ரகங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். இதற்கெல்லாம் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான இலை வரும். ஐம்பது மாதிரிக்கான டப்பாவை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் ஆகாது.

வேலை வயலிலேயே தொடங்கிவிடுகிறது. பதினைந்து, இருபது நாள் நாற்றின் இளம் இலைதான் நல்லது. முற்றினால் மாவுச்சத்தும் சிலிக்காவும் ஏறி, அரைக்கவே பெரும்பாடு. காலையிலேயே கிள்ளிவிட வேண்டும், ஏனென்றால் பகல் முழுக்க வெயில் பட்ட இலையில் மாவு சேர்ந்துவிடும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு பெரியவர், நான் ஒவ்வொரு இலையாகக் கிள்ளுவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரெண்டு முடி நாத்தையே தூக்கிட்டுப் போயேன், இப்புடி இலையைக் கிள்ளிக்கிட்டு நிக்கிற?" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கி வந்து ஆய்வகத்து வாளியில் வைத்தேன். இரண்டு நாள் இருட்டறையில் வைத்த அந்த நாற்றில் மாவு குறைந்து, டிஎன்ஏ மிகச் சுத்தமாக வந்தது. முடிந்தால் இப்போதும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறேன்.

அரைக்கத் திரவ நைட்ரஜன் இருந்தால் வேலை சுலபம். மைனஸ் 196 டிகிரியில் இலை மொறுமொறுவென்று உடைந்து மாவாகிவிடும். கால்நடை மருத்துவமனைக்குச் சினை ஊசிக்காக வருவதும் இதே சரக்குதான். எங்களுக்கோ திருச்சியிலிருந்து கேனில் வரவேண்டும், வருகிற வழியிலும் ஆவியாகும், மூலையில் சும்மா இருந்தாலும் ஆவியாகும். மூன்று கொட்டேஷன், பர்ச்சேஸ் கமிட்டி எல்லாம் தாண்டி வருவதற்குள் இலை வாடிவிடும். அதனால் பீங்கான் மோர்ட்டாரில் 65 டிகிரிக்குச் சூடாக்கிய பஃபரை (சிடேப் கலந்த கரைசலை) ஊற்றி நேராகவே அரைத்துவிடுகிறோம். இளம் நாற்று இலைக்கு இது தாராளமாகப் போதும்.

பஃபரில் இருப்பது 2 சதவீதம் சிடேப், 1.4 மோலார் உப்பு, டிரிஸ், ஈடிடிஏ, கொஞ்சம் பிவிபி, கடைசி நேரத்தில் சேர்க்கும் மெர்காப்டோஎத்தனால். உப்பின் அளவில் கை வைக்காதீர்கள். உப்பு அவ்வளவு இருப்பதால்தான் சிடேப்பும் டிஎன்ஏவும் சேர்ந்த கலவை கரைந்தே நிற்கிறது, சுமார் 0.7 மோலாருக்குக் கீழே போனால் அது படிந்து, கழிவோடு போய்விடும். ஏசி அறையில் வைத்த பாட்டிலில் வெள்ளையாகச் சிடேப் உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், வாட்டர் பாத்தில் வைத்தால் கரைந்துவிடும். ஏசி இல்லாத எங்கள் பழைய ஹாலில் மார்கழியிலும் அது உறைந்து பார்த்ததில்லை. மெர்காப்டோஎத்தனால் நாற்றம் வராந்தா வரைக்கும் போகும். ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹுட்டுக்குள் வைத்தே திறங்கள், இல்லையென்றால் பக்கத்துத் துறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அரைத்த கலவையிலிருந்து புரதத்தைப் பிரிக்கக் குளோரோஃபார்ம் சேர்ப்போம், இந்த முறையில் கை பழக வேண்டிய இடம் அதுதான். ஏப்ரல், மே மாதங்களில் ஹாலில் வெக்கை ஏறும்போது குளோரோஃபார்மை பிபெட்டில் எடுத்தால், டியூப்புக்குப் போவதற்குள் டிப்பிலிருந்து சொட்டு சொட்டாக ஒழுகும். டிப்புக்குள் ஆவி நிறைந்து திரவத்தைக் கீழே தள்ளுகிறது. அதே டிப்பில் இரண்டு மூன்று தடவை உறிஞ்சி வெளியே விட்டுவிட்டு, பிறகு அளவு எடுத்தால் ஒழுகாது. சொட்டு பட்ட இடத்தில் மார்க்கர் பேனா எழுத்து அழிந்துவிடும், ஆகவே டியூப் மூடியில் எழுதுவதோடு ஸ்டாண்டில் எந்த வரிசை என்று நோட்டிலும் குறித்துவிடுங்கள். சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுத்தால் கீழே பச்சையாகக் குளோரோஃபார்ம், நடுவில் வெள்ளை ஆடை, மேலே டிஎன்ஏ கரைந்திருக்கும் தெளிவான நீர். மேல் நீரை மட்டும், அதுவும் முழுதாக ஆசைப்படாமல், நுனி வெட்டிய டிப்பால் எடுக்க வேண்டும். குளிர்ந்த ஐசோப்ரொப்பனால் விட்டு டியூப்பை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால், பாகு கம்பிப் பதத்துக்கு வருகிற மாதிரி டிஎன்ஏ நூலாகத் திரளும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

சுற்றிய பிறகு டியூப் அடியில் படியும் டிஎன்ஏவை பெல்லட் என்போம், அதன் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். வெள்ளையாகவோ கண்ணாடி மாதிரியோ இருந்தால் சரி. பழுப்பாக இருந்தால் இலையின் பாலிஃபீனால் ஒட்டியிருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளும் பிவிபியைக் கூட்டுங்கள். ஜெல்லியாக வழுக்கினால் சர்க்கரைச் சரக்கு சேர்ந்திருக்கிறது. உப்பைக் கூட்டி எத்தனாலில் மறுபடி படியவைத்தால் அது கரைசலிலேயே தங்கிவிடும். ரொம்ப நேரம் காயவிட்டால் பெல்லட் கரையவே கரையாது, சித்திரை வெயிலில் ஃபேன் அடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

கிட் பக்கம் வருவோம். நேரம் மிச்சம், குளோரோஃபார்ம் இல்லை, கையில் பயிற்சி இல்லாதவரும் முதல் நாளே செய்யலாம். சீக்வென்சிங்குக்கு வெளியே அனுப்பும் மாதிரிக்கு நான் கிட்தான் போடுகிறேன். ஆனால் நெல் இலையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் மெம்பிரேன் அடைத்துக்கொள்ளும். வாஷ் பஃபர் மூடி சரியாக இறுகவில்லை என்றால் இந்த வெக்கையில் எத்தனால் பறந்து, கழுவும்போதே டிஎன்ஏ வடிந்துபோகும். கழுவல் அரைகுறையானால், சுத்தம் பார்க்கும் நானோடிராப் கருவியில் புரதக் கலப்பைக் காட்டும் 260/280 அழகாக 1.8 காட்டினாலும், உப்புக் கலப்பைக் காட்டும் 260/230 கீழே கிடக்கும். கிட்டின் பஃபரிலிருந்து மிச்சமிருக்கும் குவானிடின் உப்பின் வேலை அது. மார்ச் கடைசியில் பட்ஜெட் முடிக்க மொத்தமாக வாங்கிய டப்பாக்கள் காலாவதியாகி அலமாரியில் நிற்பதையும் சொல்ல வேண்டும்.

மின்சாரம் தனி விஷயம். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தப்போகும் நாளைப் பேப்பரில் பார்த்து, அன்றைக்குப் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கும் வேலை) வைக்காமல் டியூப்பில் எழுதுவது, இலை நறுக்குவது என்று ஓட்டுவோம். 35 சுற்று ஓடும் பிசிஆர் நடுவில் நின்றால், யுபிஎஸ் இருந்தாலொழிய முடிவை நம்ப மாட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மைனஸ் 20 ஃப்ரீசர் தண்ணீர் விட்டது, பிசிஆருக்கான டாக் என்சைம், டிஎன்ஏவை வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் எல்லாம் போச்சு. சிடேப்பில் எடுத்து டிஇ பஃபரில் (டிரிஸும் ஈடிடிஏவும் சேர்ந்தது) கரைத்து வைத்திருந்த டிஎன்ஏ தாங்கியது. டிஎன்ஏவைத் தின்னும் நியூக்ளியேஸ்களுக்கு மக்னீசியம் வேண்டும், டிஇயில் இருக்கும் ஈடிடிஏ அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புது டாக் வந்ததும் அதே பழைய டியூப்களிலிருந்து 3 சதவீத அகரோஸ் ஜெல்லில் பேண்ட் பளிச்சென்று விழுந்தது. வெறும் தண்ணீரில் கரைத்து வைத்திருந்த சிலவற்றில் டிஎன்ஏ சிதைந்து, பேண்டுக்குப் பதில் ஸ்மியர் என்ற தீற்றல்தான்.

சப்1 இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டிய பெரிய மாதிரிக் கூட்டத்துக்கு இப்போது சிடேப்பும் போடுவதில்லை. துளி இலையைச் சோடியம் ஹைட்ராக்சைடில் நசுக்கி, டிரிஸ் விட்டு நீர்க்கச் செய்து, நேராகப் பிசிஆரில் வைக்கிறோம். அது ஒரு வாரம் தாண்டினால் நம்ப முடியாது, சேமிக்க வேண்டிய நாட்டு ரகங்களுக்கு உதவாது. ஆர்என்ஏ எடுக்கப் போகிறவர்கள் மட்டும் இந்தச் சிக்கனத்தையெல்லாம் பார்க்காமல் கிட்டையே வாங்கிவிடுங்கள், திரவ நைட்ரஜனுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.