ஆனையிறவுக் கல்லுப்பா, இந்துப்பா?

கிளிநொச்சிக் கடைகளில் இப்போது இரண்டும் இருக்கின்றன. இரண்டுமே சோடியம் குளோரைட்டுதான். ஒரு கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சின்னப் பெட்டி மாதிரிச் சதுர விளிம்புகள் தெரியும்.

இந்துப்பின் இளஞ்சிவப்பு, இரும்பு ஒக்சைட்டால் வருவது. பாகிஸ்தான் சுரங்கத்திலிருந்து வருவதால் விலையும் கூட. மற்றத் தாதுக்கள் அதில் உடம்புக்கு உதவும் அளவில் இல்லை.

கல்லுப்பு மாரியில் கசியும், உண்மைதான். ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைட்டு ஈரத்தை இழுக்கிறது. இறுக மூடிய போத்தலில் வைத்தால் சரி. கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் எனக்கு அதுதான் வேண்டும்.

அப்புறம், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடென்றால் பையில் 'அயடீன் கலந்தது' என்று இருக்கிறதா பாருங்கள். இந்துப்பில் பெரும்பாலும் அது சேர்ப்பதில்லை.